மூன்றாம் ரிச்சர்டை லெஸ்டரிலேயே அடக்கம் செய்தது சரியா?

பொருநை:

இங்கிலாந்து வரலாறு படிப்பவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். அதனால் ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

2012இல் லெஸ்டர் நகராட்சியின் கார் பார்க்கிங் ஒன்றைத் தோண்டியபோது மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வர்த் போர்க்களத்தில் 32 வயதில் வெட்டுப்பட்டு இறந்தவர். போரில் இறந்த கடைசி இங்கிலாந்து மன்னர். 2015 மார்ச் 26 அன்று அதே லெஸ்டரின் பேராலயத்தில் அவரை மறுபடி அடக்கம் செய்தார்கள்.

என் வருத்தம் இந்தக் கடைசி வரியில்தான். லெஸ்டருக்கும் அவருக்கும் என்ன உறவு? வென்றவர்கள் அவர் உடலை நிர்வாணமாகக் குதிரை மேல் போட்டுக் கொண்டுவந்து ஊர் பார்க்க வைத்த இடம் அது. யார்க்‌ஷயர் அப்படியில்லை. மிடில்ஹாம் கோட்டையில் இளமையில் வளர்ந்தார், பிறகு அதையே தன் வீடாக்கிக்கொண்டார். அண்ணன் நான்காம் எட்வர்டு சார்பில் பத்தாண்டுக்கு மேல் வட இங்கிலாந்தைக் கவனித்துக்கொண்டார். யார்க் பேராலயத்தில் நூறு குருமார்கள் இருந்து ஜெபிக்கும்படி பெரிய அமைப்பு ஒன்றை ஏற்படுத்தும் வேலையையும் தொடங்கினார். அவர் இறந்த செய்தி வந்ததும் யார்க் நகர மன்றம் தன் குறிப்பேட்டில் மன்னர் பரிதாபமாகக் கொல்லப்பட்டார், இந்நகருக்கு இது பெருந்துயரம் என்று எழுதி வைத்தது. ஜெயித்தவன் அரியணை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தோற்றவனுக்காக அப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்படிப்பட்ட ஊருக்கு அவரை அனுப்பியிருக்க வேண்டாமா? அதற்காக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


லெஸ்டர்வாசி:

பொருநை அக்கா, நான் யாழ்ப்பாணத்துக்காரன். இந்த ஊருக்கு வந்து பல வருசமாகிறது. நீங்கள் லெஸ்டரைப் பற்றி எழுதியதில் பாதிக் கதைதான் இருக்கிறது.

உடலைக் காட்சிக்கு வைத்தது அந்தப் போரில் வென்று அரியணை ஏறிய ஏழாம் ஹென்றியின் ஆட்கள். அதை வாங்கித் தங்கள் ஆலயத்துக்குள், பீடத்துக்கு அருகில் பாடகர் பகுதியில் அடக்கம் செய்தது இங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள். கிரேஃபிரையர்ஸ் என்பது அவர்களுடைய மடம். குழி அவசரத்தில் வெட்டப்பட்டது, சவப்பெட்டியும் இல்லை, அதெல்லாம் உண்மைதான். ஆனால் கொடுத்த இடம் ஆலயத்தில் மதிப்புள்ள இடம். பத்து வருசம் கழித்து ஹென்றியே காசு கொடுத்து ஒரு கல்லறை எழுப்பினார். 1538இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது எல்லாம் இடிந்து போனது.

அதற்கப்புறமும் இந்த ஊர் அவரை மறக்கவில்லை. மடம் இருந்த நிலத்தை வாங்கிய ராபர்ட் ஹெரிக் என்ற மேயர் தன் தோட்டத்தில் மூன்றடி உயரத்துக்கு ஒரு கல் தூண் நட்டு, இங்கிலாந்தின் மன்னராயிருந்த மூன்றாம் ரிச்சர்டின் உடல் இங்கே இருக்கிறது என்று பொறித்து வைத்தார். 1612இல் கிறிஸ்டோபர் ரென் என்பவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய ரென் இவருடைய மகன். பின்னாளில் தூணும் போய், எலும்பைச் சோர் ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்ற கதைதான் நிலைத்தது. போ பாலத்தின் அருகே அந்தக் கதையைச் சொல்லும் கல்வெட்டே வைத்தார்கள், 1856இல்.

அவர் கிடைத்த இடத்துக்கும் இப்போதைய பேராலயத்துக்கும் கூப்பிடு தூரம். தெருவைக் கடந்தால் போதும். 527 வருசம் ஒரே இடத்தில் கிடந்தவரைப் பக்கத்து ஆலயத்தில் வைப்பதில் என்ன குற்றம்?

2015 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, சவப்பெட்டி பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டு, போர் நடந்த ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு, மாலையில் போ பாலம் வழியாக நகருக்குள் வந்தது. குதிரை பூட்டிய வண்டி, முன்னே கவசம் அணிந்த வீரர்கள். தெருவோரம் நின்றவர்கள் வெள்ளை ரோஜாவைப் பெட்டி மேல் எறிந்தார்கள். ரிச்சர்டின் யார்க் வம்சத்தின் பூ அது. பாதிப்பேர் குஜராத்திகள், பஞ்சாபிகள், எங்களைப் போல வந்தேறியவர்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற குஜராத்திப் பாட்டி பெட்டி கடக்கும்போது கை கூப்பினார். அடுத்த மூன்று நாளும் பெட்டியைப் பார்க்க இருபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், மணிக்கணக்கில் வரிசை. சொந்த ஊர் மனுசனுக்குச் செய்வதைப் போலத்தான் செய்தார்கள் அக்கா.


வக்கீல் இராசா:

நல்ல விவாதம். சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் யார்க்கா லெஸ்டரா என்ற கேள்வியை நீதிமன்றம் நேரடியாகத் தீர்மானிக்கவில்லை.

இங்கிலாந்தில் அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்க 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டப்படி உரிமம் வேண்டும். நீதி அமைச்சகம் லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு 2012 செப்டம்பர் 3 அன்று உரிமம் கொடுத்தது. எடுத்த எலும்புகளை எங்கே வைக்கலாம் என்பதும் அதிலேயே இருந்தது: அருங்காட்சியகம், அல்லது புனித மார்ட்டின் பேராலயம் (லெஸ்டர் பேராலயம்தான்), அல்லது சட்டப்படி அடக்கம் செய்யக்கூடிய ஓர் இடுகாடு. பெயர் சொன்ன இரண்டும் லெஸ்டரில். தேதியைக் கவனியுங்கள். அப்போது எலும்புக்கூடு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அவர் ரிச்சர்டுதான் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது 2013 பிப்ரவரி 4 அன்று.

பிளான்டாஜெனட் (ரிச்சர்டின் அரச வம்சப் பெயர்) கூட்டணி என்ற பெயரில் ரிச்சர்டின் உறவு வழி வந்த சிலர் சேர்ந்து, நம் ஊர் ரிட் மனு மாதிரியான வழக்கொன்றைப் போட்டார்கள். மன்னர் ஒருவரின் உடல் என்று உறுதியான பிறகு அமைச்சர் பரந்த அளவில் கருத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது வாதம். 2013 ஆகஸ்ட்டில் வழக்கை விசாரணைக்கு ஏற்ற நீதிபதி, இதை ரோஜாப் போர்களின் (யார்க், லங்காஸ்டர் வம்சங்கள் அரியணைக்காக மோதிய போர்கள்) இரண்டாம் பாகமாக்கிவிடாமல் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இரு தரப்புக்கும் அறிவுரை சொன்னார். நடக்கவில்லை. 2014 மே 23 அன்று மூன்று நீதிபதிகள் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அப்படிக் கருத்துக் கேட்கும் கடமை எதையும் சட்டம் அமைச்சர் மேல் சுமத்தவில்லை, தலையிட முகாந்திரம் இல்லை என்றார்கள்.

நடைமுறையிலும், அகழாய்வில் கிடைக்கும் கிறிஸ்தவ உடல்களை அருகிலுள்ள புனித நிலத்தில் அடக்கம் செய்வதுதான் அங்கே வழக்கம்.


பொருநை:

இராசா ஐயா, நீங்கள் சொன்ன தேதிதான் என் வாதமே! எலும்பு வெளியே வரும் முன்பே எங்கே போக வேண்டும் என்று தாளில் எழுதியாகிவிட்டது. அது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் மன்னர் என்று தெரிந்த பிறகும் அந்தத் தாளைத் திரும்பப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லையே. உறவினர்களைக் கேட்டிருக்கலாம், யார்க்கைக் கேட்டிருக்கலாம்.


வக்கீல் இராசா:

உறவினர் என்று யாரைக் கேட்பது? ரிச்சர்டின் ஒரே சட்டபூர்வமான மகன் எட்வர்டு அவருக்கு முன்பே, 1484இல், சிறுவனாக இறந்துவிட்டான். நேர் வாரிசு யாரும் கிடையாது. சகோதர சகோதரி வழியில் கணக்கெடுத்தால் இன்றைக்குப் பல லட்சம் பேர் வருவார்கள். வழக்குப் போட்டவர்கள் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு சிலர். மற்றவர்களை விட அவர்கள் குரலுக்கு ஏன் அதிக எடை தர வேண்டும்? கருத்துக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கேட்காததால் முடிவு செல்லாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.


திருச்சி முத்து:

நடுவில் ஒரு கேள்வி. அது ரிச்சர்டுதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? மடத்தில் எத்தனையோ பேரைப் புதைத்திருப்பார்கள். ஏதோ ஒரு துறவியாகவோ ஊர்ப் பெரியவராகவோ இருக்கக் கூடாதா? டிஎன்ஏ ஒத்துப்போனது என்கிறார்கள், ஆனால் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஆளுக்கு யாருடைய டிஎன்ஏவை வைத்து ஒப்பிட்டார்கள்?


தொல்பிரியா:

முத்து அண்ணா, நான் தொல்லியல் படித்தவள். இது எனக்கு மிகப் பிடித்த அகழாய்வு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேடியவரைச் சொல்லிவிட வேண்டும். ஃபிலிப்பா லாங்லி ஒரு தொல்லியலாளரோ பேராசிரியரோ இல்லை. மூன்றாம் ரிச்சர்டு சங்கத்தின் ஸ்காட்லாந்துக் கிளையைச் சேர்ந்தவர். மன்னர் இந்தக் கார் பார்க்கிங்கில்தான் இருக்கிறார் என்று நம்பி, வருடக்கணக்கில் நகராட்சியையும் பல்கலைக்கழகத்தையும் விடாமல் துரத்தினார். கடைசி நேரத்தில் பணம் பற்றாமல் போனபோது உலகெங்கும் உள்ள சங்க உறுப்பினர்கள்தான் கைக்காசு போட்டு அகழாய்வைக் காப்பாற்றினார்கள். ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்ற வரலாற்றாசிரியர் ஆற்றில் எறிந்த கதை ஆதாரமற்றது என்று காட்டியிருந்தார். இவர்கள் இருவரும் இல்லையென்றால் அந்த இடத்தில் இன்றைக்கும் கார்கள் நின்றுகொண்டிருக்கும்.

அகழாய்வை நடத்தியது பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவு, தலைவர் ரிச்சர்ட் பக்லி. மடத்தின் சுவரோ தரையோ கொஞ்சம் தெரிந்தாலே போதும் என்ற எண்ணத்தில்தான் அவர் ஒப்புக்கொண்டார். 2012 ஆகஸ்ட் 25, முதல் நாள், முதல் குழியிலேயே ஒரு மனிதனின் கால் எலும்புகள் தென்பட்டன. உடனே எடுக்கவில்லை. மூடி வைத்துவிட்டு, மடத்தின் அமைப்பு தெளிவாகும்வரை மற்றக் குழிகளை வெட்டினார்கள். அந்த எலும்புகள் ஆலயத்தின் பாடகர் பகுதியில் இருக்கின்றன என்று புரிந்த பிறகுதான் உரிமம் வாங்கித் திறந்தார்கள். ரிச்சர்டு காலத்தவரான ஜான் ரௌஸ், சிறிய துறவிகளின், அதாவது பிரான்சிஸ்கன்களின், ஆலயத்தில் பாடகர் பகுதியில் அவர் புதைக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறார். இது முதல் இழை.

அந்தப் புதைகுழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றப் புதைகுழிகள் செவ்வகமாக, நேரான பக்கங்களோடு வெட்டப்பட்டிருந்தன. இது ஒழுங்கில்லாமல், உள்ளே கிடத்தும் ஆளை விட நீளம் குறைவாக இருந்தது. அதனால் உடல் குழிக்குள் சரியாகப் படியவில்லை. தலை ஒரு ஓரமாகச் சுவரில் முட்டுக்கொடுத்தபடி தூக்கலாக இருந்தது. கைகள் வலது இடுப்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்று, கட்டியிருந்தார்களோ என்று நினைக்கும்படி. துணி சுற்றியதற்கான தடயமில்லை. பாதங்களைக் காணோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடம் கட்டியவர்கள் அந்த இடத்தை வெட்டியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டியிருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

அடுத்தது காலம். கார்பன் சோதனையில் முதலில் 1430 முதல் 1460 வரை என்று வந்தது. ரிச்சர்டுக்கு இது முந்தியது. ஆனால் எலும்பில் கடல் உணவின் அடையாளம் அதிகம் இருந்தது. மீன் நிறையச் சாப்பிட்டவரின் எலும்பு, கார்பன் சோதனையில் உண்மையை விடப் பழையதாகத் தெரியும். அதைத் திருத்திக் கணக்கிட்டதும் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கமும் என்று வந்தது. 1485 அதற்குள் பொருந்திவிட்டது. அத்தனை மீனும் இறைச்சியும் சாப்பிட்டவர் ஏழை இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

இனி டிஎன்ஏ. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு அப்படியே போகும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவை வைத்து ஒப்பிட்டார்கள். ரிச்சர்டின் அக்கா ஆன், அவர் மகள், அந்த மகளின் மகள் என்று பெண் வழியாகவே பதினேழு தலைமுறை இறங்கி வந்தால் மைக்கேல் இப்சன் என்ற மனிதரிடம் வந்து நிற்கும். கனடாவில் பிறந்து லண்டனில் மரவேலை செய்பவர். அவருடைய தாயை ஆஷ்டவுன்-ஹில் 2004லேயே கண்டுபிடித்துவிட்டார், அதாவது மன்னர் கிடைப்பதற்கு எட்டு வருடம் முன்பே. அப்புறம் பல்கலைக்கழகம் அதே பெண்வழியில் இன்னொருவரையும் தேடிப் பிடித்தது. மரபியலாளர் டூரி கிங் பல்லிலிருந்தும் எலும்பிலிருந்தும் டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்டார். இப்சனுடையது முழுக்க ஒத்தது, மற்றவருடையது ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறியிருந்தது. அந்த வகை டிஎன்ஏ ஐரோப்பாவிலேயே அரிது.

இடம், வயது, ஆண், காலம், காயங்கள், முதுகு வளைவு, டிஎன்ஏ எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 2014 டிசம்பரில் கட்டுரை வெளியிட்டார்கள். மிகக் கறாராகக் கணக்கிட்டாலும் 99.999 சதவீதம் அவர்தான். டிஎன்ஏ மட்டுமே நிரூபித்தது என்று செய்திகளில் எழுதுவது எனக்கு மனத்தாங்கல். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றையும் சந்தேகப்படலாம். முறுக்கிச் சேர்த்ததால்தான் கயிறு அறவில்லை.


டாக்டர் மீனாட்சி:

முதுகு வளைவைப் பற்றி நான் சொல்கிறேன். எலும்பு மூட்டு மருத்துவம் என் துறை. இதே குறையோடு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அதனால் இந்த எலும்புக்கூட்டின் மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ரிச்சர்டு கூனன், கை சூம்பியவன், நொண்டி. உடலும் கோணல், மனமும் கோணல் என்று காட்டினார். நாலு நூற்றாண்டு உலகம் அதைத்தான் பார்த்தது. இந்த எலும்பில் கூன் இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. கால் எலும்புகளிலும் நொண்டுவதற்கான காரணம் எதுவுமில்லை. இருந்தது ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது, வலப்பக்கமாக, 70 முதல் 90 பாகை வரை. அது கடுமையான வளைவுதான், சந்தேகமில்லை. பிறவியில் வந்ததில்லை, பத்து வயதுக்குப் பிறகு வளர்ந்திருக்கிறது. நிமிர்ந்திருந்தால் ஐந்தடி எட்டு அங்குலம் இருந்திருப்பார். வளைவால் சில அங்குலம் குறைவாகத் தெரிந்திருப்பார், வலது தோள் கொஞ்சம் உயர்ந்து நின்றிருக்கும். ஜான் ரௌஸ் அவரைப் பிடிக்காமல் எழுதியவர், ஆனாலும் வலது தோள் உயரம் என்று அவர் எழுதியது சரியாகவே இருக்கிறது. நல்ல தையற்காரரும் கவசம் செய்பவரும் இருந்தால் இது வெளியே பெரிதாகத் தெரியாது.

இந்த வளைவோடு போர் செய்ய முடியுமா என்று பலர் கேட்டார்கள். அதே அளவு வளைவுள்ள ஓர் இளைஞருக்கு அந்தக் காலத்து முறையில் கவசம் செய்து, பழைய பாணிச் சேணத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அந்த உயரமான சேணம் முதுகுக்குத் தாங்கல் கொடுத்தது, குதிரை மேல் நன்றாகவே சண்டை போட்டார். தரையில் ஓடும்போதுதான் சீக்கிரம் மூச்சு வாங்கியது. ரிச்சர்டு தன் கடைசித் தாக்குதலில் குதிரை மேல் ஹென்றியை நெருங்கி, அவருடைய கொடி பிடித்தவனையே வீழ்த்தினார். அவருடைய எதிரிகளும் அந்த வீரத்தை மறைக்கவில்லை.

காயங்கள் பதினொன்று, எல்லாம் இறப்பை ஒட்டியவை. ஒன்பது மண்டையோட்டில். ஒன்று விலாவில், ஒன்று இடுப்பெலும்பில். மண்டையின் அடிப்பகுதியில் இரண்டு பெரிய காயங்கள், உயிரைக் குடித்தவை அவையாகத்தான் இருக்கும். கைகளில் தடுத்துக்கொண்டதற்கான வெட்டு இல்லை, அப்படியானால் உடம்பில் கவசம் இருந்திருக்கிறது, தலைக்கவசம் மட்டும் கழன்றிருக்கிறது. இடுப்புக் காயம் கவசத்துக்குள்ளே பட வாய்ப்பில்லாத இடத்தில் இருக்கிறது. கவசத்தைக் கழற்றி, குதிரை மேல் குறுக்கே போட்ட பிறகு, செத்த உடலின் பின்புறத்தில் யாரோ குத்தியது. அதைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

வயிற்றுப் பகுதி மண்ணில் நாக்குப்பூச்சியின் முட்டைகள்கூட இருந்தன. மன்னர் குடலுக்கும் அது விலக்குத் தரவில்லை.

மருத்துவமனையில் வளைந்த முதுகோடு வரும் பெண் பிள்ளைகளிடம் இந்த மன்னரைப் பற்றி நான் சொல்வதுண்டு.


திருச்சி முத்து:

அருமையான விளக்கம், பிரியா, டாக்டர் அம்மா, இருவருக்கும் நன்றி. ஆனால் ஆண் வழி டிஎன்ஏ ஒத்துப்போகவில்லை என்று படித்தேனே? அது உண்மையானால் முழு வாதமும் ஆட்டம் காணாதா? அரச பரம்பரையே சந்தேகம் என்றுகூட ஒரு செய்தி வந்தது.


தொல்பிரியா:

உண்மைதான் அண்ணா, அதை அவர்களே மறைக்காமல் கட்டுரையில் எழுதினார்கள்.

ஆண் வழியைப் பார்க்க, மூன்றாம் எட்வர்டு மன்னரின் இன்னொரு மகன் ஜான் ஆஃப் கான்ட் வழியில் வந்த ஐந்தாம் போஃபோர்ட் கோமகனின் இன்றைய வாரிசுகள் ஐந்து பேரிடம் மாதிரி எடுத்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம், ரிச்சர்டுடையது, ஐவரில் யாருடனும் ஒத்துப்போகவில்லை. அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு ஒத்துப்போகவில்லை.

இடையில் எங்கோ தாளில் அப்பா என்று எழுதியவர் ஒருவர், உண்மையான அப்பா வேறொருவர் என்பதுதான் பொருள். பத்தொன்பது தலைமுறைகளில் அப்படி ஒன்றிரண்டு நடப்பது எந்தக் குடும்பத்திலும் எதிர்பார்க்கக்கூடியதே. அம்மா யார் என்பதில் அந்தச் சிக்கல் குறைவு, அதனால்தான் பெண் வழி ஆதாரத்துக்கு எடை அதிகம். மேலே சொன்ன 99.999 சதவீதம் இந்த ஒத்துப்போகாமையையும் உள்ளே சேர்த்துக் கணக்கிட்டதுதான்.


வக்கீல் இராசா:

அரச பரம்பரை பற்றி: முறிவு எந்தத் தலைமுறையில் என்று தெரியாதவரை யாருடைய பட்டத்தையும் அது தொடாது. ரிச்சர்டுக்கு வெகு காலம் பிந்திய போஃபோர்ட் குடும்பத்திலேயே நடந்திருக்கலாம். தவிர, ஏழாம் ஹென்றி ஆட்சியைப் பிடித்தது போர்க்களத்தில். இன்றைய அரச குடும்பத்தின் உரிமை 1701ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தில் நிற்கிறது. குரோமோசோம் அதை அசைக்காது.


ஆரோக்கியம்:

யார்க், லெஸ்டர் என்று பேசுகிறீர்கள். கத்தோலிக்கனாக என் மனதில் வேறொன்று உறுத்துகிறது. ரிச்சர்டு கத்தோலிக்க மன்னர். கத்தோலிக்கத் துறவிகள் அடக்கம் செய்தவர். இப்போது அவர் இருப்பது ஆங்கிலிக்கன் பேராலயத்தில், அடக்கத்தை நடத்தியதும் அன்றைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி. எந்த அரசர் மடத்தை இடித்தாரோ அவர் தொடங்கிய திருச்சபை! இது நியாயமா?


லெஸ்டர்வாசி:

ஆரோக்கியம் அண்ணை, அந்தக் கவலை இங்கேயும் இருந்தது. அதைச் சும்மா விட்டுவிடவில்லை. பெட்டி வந்த மார்ச் 22 மாலை பேராலயத்தில் மறையுரை ஆற்றியதே கத்தோலிக்கக் கர்தினால் வின்சென்ட் நிக்கோல்ஸ். அடுத்த நாள் ஊரின் கத்தோலிக்க ஆலயமான திருச்சிலுவை ஆலயத்தில் அவரே ரிச்சர்டின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். பெட்டிக்குள் ஜெபமாலை ஒன்றும் வைத்தார்கள்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேணும். ஓக் மரத்தில் அதைச் செய்தது மைக்கேல் இப்சன். டிஎன்ஏ கொடுத்த அதே இப்சன். பதினேழு தலைமுறை தள்ளிய மருமகப்பிள்ளை தன் கையால் இழைத்துச் செய்த பெட்டி. பிறந்த ஃபோதரிங்கே, வாழ்ந்த மிடில்ஹாம், இறந்த பாஸ்வர்த் என்று மூன்று இடத்து மண்ணையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆக, பொருநை அக்காவின் யார்க்‌ஷயர் மண்ணும் அவரோடு இருக்கிறது.

கல்லறை வெளிர் நிறக் கல், ஸ்வேல்டேலில் எடுத்தது. அதுவும் யார்க்‌ஷயர்தான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் கல் முழுக்கப் பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவம் தெரியும், சின்னச் சின்ன வளையமும் குழாயுமாக. மேலே ஆழமாக வெட்டிய சிலுவை. அடியில் கறுப்புப் பளிங்குப் பீடம், அதில் பெயரும், வாழ்ந்த காலமும், பற்றுறுதி என்னைக் கட்டுகிறது என்ற பொருளுள்ள அவருடைய வாசகமும்.


பொருநை:

ஸ்வேல்டேல் கல் என்பது எனக்குப் புதுச் செய்தி தம்பி. மிடில்ஹாமிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கு அதிக தூரமில்லை. இதைக் கேட்டு மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

ஆனாலும் கேட்டிருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. இனி அவரைத் தோண்டி இடம் மாற்றச் சொல்ல மாட்டேன், ஒருவரை ஒருமுறை எழுப்பியது போதும். அடுத்த முறை இப்படி ஓர் அகழாய்வில் மன்னரோ ராணியோ கிடைத்தால், அடையாளம் உறுதியான பிறகு கருத்துக் கேட்டு இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதட்டும். அது மட்டும்தான் என் கோரிக்கை.


வக்கீல் இராசா:

அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போடுவேன். தேடுபவர் இன்னாரைத்தான் தேடுகிறேன் என்று விண்ணப்பத்திலேயே சொல்லும்போது, கிடைத்தால் என்ன செய்வது என்பதை நிதானமாக யோசிக்க அமைச்சகத்துக்கு வாய்ப்பு இருந்தது.


திருச்சி முத்து:

கடைசியாக ஒன்று. எல்லோரும் ரிச்சர்டுக்காக இவ்வளவு இரக்கப்படுகிறீர்கள். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் லண்டன் கோபுரத்தில் வைத்துக் கொன்றவர் அவர்தானே? எலும்பு கிடைத்ததால் அந்தப் பழி போய்விடுமா?


தொல்பிரியா:

போகாது அண்ணா. இந்த எலும்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் இல்லை. 1483 கோடைக்குப் பிறகு அந்த அண்ணன் மகன் ஐந்தாம் எட்வர்டையும் அவன் தம்பியையும் யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. அப்போது அவர்கள் ரிச்சர்டின் பொறுப்பில் இருந்தார்கள். அந்தப் பொறுப்பை நான் அவர் மேலிருந்து எடுக்க மாட்டேன். முதுகு வளைந்தவன், அதனால் கொலைகாரன் என்று நாலு நூற்றாண்டு சொன்ன நியாயத்தைத்தான் இந்த எலும்புக்கூடு உடைத்தது.

ஆனால் ஒரு சாவி கையில் கிடைத்திருக்கிறது. 1674இல் லண்டன் கோபுரத்தில் படிக்கட்டை இடித்தபோது இரண்டு சிறுவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்கள்தான் இளவரசர்கள் என்று நம்பி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் ஒரு பளிங்குப் பேழையில் வைத்தார்கள். பேழையை வடிவமைத்தவர் ரென். ரிச்சர்டின் தூணைப் பார்த்து எழுதிய ரென்னின் மகன்! 1933இல் ஒருமுறை திறந்து பார்த்தார்கள். அந்தக் காலத்தில் டிஎன்ஏ சோதனை ஏது, ஆணா பெண்ணா என்றுகூட உறுதி செய்ய முடியவில்லை. இப்போது ரிச்சர்டின் ஒய் குரோமோசோம் நம்மிடம் இருக்கிறது. இளவரசர்கள் அவருடைய சொந்த அண்ணன் மகன்கள், அப்படியானால் அது ஒத்துப்போக வேண்டும்.


திருச்சி முத்து:

அப்புறம் ஏன் சோதிக்கவில்லை?


வக்கீல் இராசா:

வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம் எந்தப் பேராயருக்கும் கட்டுப்பட்டதில்லை, நேரடியாக அரசரின் கீழ் வருவது. மடாலயமும் அரச குடும்பமும் சம்மதிக்க வேண்டும். இதுவரை கேட்டவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.


டாக்டர் மீனாட்சி:

சம்மதிக்கலாம் என்பதே என் கருத்து. கட்டைவிரல் அளவு எலும்பு போதும், மீதியை அப்படியே மூடிவிடலாம். அந்தப் பேழைக்குள் இருப்பது வேறு யாருடைய பிள்ளைகளாகவோ இருந்தால், அவர்களும் இன்னொருவர் பெயரில் கிடக்கக் கூடாது.


பொருநை:

இதற்குத் தனி இழை தொடங்குங்கள் பிரியா. 1933 பரிசோதனையில் என்னென்ன பார்த்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தால் நன்றாக இருக்கும், நானும் படித்ததைக் கொண்டுவருகிறேன்.